எழுந்து அமர்ந்த வீரர்கள்

நுழையும்முன்

கால்கள் அசையாத இருவர், ஒரு சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்ட இரு சக்கர நாற்காலிகளில் எதிரெதிரே அமர்ந்து வாள் வீசுகின்றனர். பின்வாங்க இடமில்லை, விலகி ஓடவும் வழியில்லை. உலகின் பல நாடுகளில் இன்று ஆடப்படும் இவ்விளையாட்டு, போரில் முதுகெலும்பு முறிந்தவர்களுக்கான ஒரு மருத்துவமனையில் பிறந்தது. அதற்கு வித்திட்ட மருத்துவர் லுட்விக் குட்மன். பாராலிம்பிக் என்னும் பெருவிழாவுக்கும் அவரே மூலவர். அவரது வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சுரங்கத் தொழிலாளி

அன்றைய ஜெர்மானியப் பேரரசின் மேல் சைலீசியப் பகுதியில், டோஸ்ட் என்னும் சிற்றூரில், 1899ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 3ஆம் நாள் ஒரு யூதக் குடும்பத்தில் லுட்விக் குட்மன் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் கோனிக்ஸ்ஹுட்டே என்னும் நகருக்குக் குடிபெயர்ந்தது. நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பாலைகளும் நிறைந்த ஊர் அது. சுரங்க விபத்துகள் அங்கே அன்றாட நிகழ்வுகள்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டில், பதினெட்டு வயது நிரம்பிய குட்மன், சுரங்கத் தொழிலாளர்களுக்கான விபத்து மருத்துவமனையில் உதவியாளராகப் பணியாற்றினார். அங்கே ஒருநாள் இளம் தொழிலாளி ஒருவர் கொண்டுவரப்பட்டார். திடமான உடல், ஆயினும் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழ் உணர்வே இல்லை. அவருக்கு மாவுக்கட்டுப் போடப்பட்டது. பிற நோயாளிகளின் கண்ணில் படாதவாறு கட்டிலைச் சுற்றி ஒரு திரை இழுக்கப்பட்டது. அவரைப் பற்றி அதிகம் எழுதிவைக்க வேண்டியதில்லை என்றும், சில வாரங்களில் அவர் இறந்துவிடுவார் என்றும் மூத்த மருத்துவர் குட்மனுக்கு அறிவுறுத்தினார். அவ்வாறே நடந்தது. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் குருதியை நஞ்சாக்க, ஐந்து வாரங்களுக்குள் அத்தொழிலாளி இறந்தார்.

தண்டுவடம் அறுபட்டதனால் அவர் இறக்கவில்லை என்பதை இங்கே கருத வேண்டும். அசையாத உடல் ஒரே நிலையில் கிடந்ததால் தோல் அழுகியது. சிறுநீர்ப்பை இயங்காததால் கிருமிகள் பெருகின. இவ்விரண்டும் தடுக்கக்கூடியவை. எனினும் அக்காலத்து மருத்துவ உலகம் அவற்றைத் தடுக்க முனையவில்லை. எப்படியும் இறக்கப்போகிறவருக்கு எதற்காக முயல வேண்டும் என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. அத்தொழிலாளியின் முகம் குட்மனின் நினைவைவிட்டு இறுதிவரை அகலவில்லை.

மாணவரும் மருத்துவரும்

1918ஆம் ஆண்டில் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கிய குட்மன், பின்னர் ஃபிரைபர்க் நகரில் படிப்பைத் தொடர்ந்து 1924இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அக்காலத்து ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் மாணவர் சங்கங்கள் செல்வாக்கு மிக்கவை. வாட்போர் பயில்வதும் முகத்தில் வாள்தழும்பு தாங்குவதும் அச்சங்கத்தாருக்குப் பெருமை. யூத மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளாத சங்கங்கள் பல இருந்தன. யூதர் என்றால் மெலிந்தவர், கோழை என்று இழித்துப் பேசும் வழக்கமும் இருந்தது. அந்த இழிவுக்கு விடையாக உடற்பயிற்சியையும் விளையாட்டையும் முன்னிறுத்திய யூத மாணவர் சங்கம் ஒன்றில் குட்மன் இணைந்து செயல்பட்டார். இகழப்படுகிற ஒருவன் தன் உடலின் ஆற்றலைத் தானே உணரும்போது அவன் நிமிர்ந்து நிற்கிறான் என்பதை அவர் கண்டறிந்தது அங்கேதான். பிற்காலத்தில் அவர் செய்தவற்றை எல்லாம் இந்த அனுபவத்தோடு சேர்த்தே நோக்கவேண்டும்.

பட்டம் பெற்றபின், நரம்பியல் அறுவை மருத்துவத்தில் ஐரோப்பாவின் முன்னோடிகளுள் ஒருவரான ஓட்ஃபிரிட் ஃபோர்ஸ்டரிடம் பிரெஸ்லாவில் பயிற்சி பெற்றார். கடுமையான ஆசான், நாள்தோறும் பதினான்கு, பதினாறு மணிநேர உழைப்பைக் கேட்பவர். அக்கடுமையைச் சீடரும் தமதாக்கிக்கொண்டார். இடையில் ஹாம்பர்க் நகரில் சிறிது காலம் பணியாற்றிவிட்டு, 1929இல் ஃபோர்ஸ்டரின் முதன்மை உதவியாளராகத் திரும்பினார். ஜெர்மனியின் சிறந்த நரம்பியல் மருத்துவர்களுள் ஒருவராக அவர் பெயர் பரவலாயிற்று.

1933ஆம் ஆண்டில் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் அரசு மருத்துவமனைகளிலிருந்து யூத மருத்துவர்கள் நீக்கப்பட்டனர். குட்மனும் பதவி இழந்தார். பிரெஸ்லாவ் நகரின் யூத மருத்துவமனை அவருக்கு இடமளித்தது. 1937இல் அதன் தலைமை மருத்துவரானார்.

ஓர் இரவு

1938ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் இரவு, ஜெர்மனி எங்கும் யூதர்களின் வழிபாட்டிடங்கள் கொளுத்தப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன, ஆயிரக்கணக்கான ஆண்கள் வதைமுகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள் பிரெஸ்லாவ் யூத மருத்துவமனையின் வாயிலில் திரண்டனர். வருபவர் எவராயினும், நோய் என்ன என்று கேளாமல் உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்ளுமாறு குட்மன் ஆணையிட்டார். அன்றிரவு 64 பேர் சேர்க்கப்பட்டனர்.

மறுநாள் இரகசியக் காவல்துறையினர் வந்தனர். ஒரே இரவில் இத்தனை நோயாளிகள் எவ்வாறு வந்தனர் என்று வினவினர். குட்மன் அவர்களை ஒவ்வொரு கட்டிலுக்கும் அழைத்துச் சென்று, ஒவ்வொருவருக்கும் ஒரு நோயை எடுத்துரைத்தார். மருத்துவ நூல்களில் உள்ள அத்தனை நோய்களும் அன்று அவருக்குத் துணைநின்றன எனலாம். சொல் தடுமாறினால் அவரும் முகாமுக்குச் சென்றிருப்பார். அறுபது பேர் அன்று கைதாகாமல் தப்பினர்.

அடுத்த மாதமே, போர்ச்சுகல் நாட்டு ஆட்சியாளர் சலாசரின் நண்பர் ஒருவருக்கு மருத்துவம் செய்வதற்காக ஜெர்மானிய அரசே அவரை லிஸ்பனுக்கு அனுப்பியது. வேண்டாதவர் என்று விலக்கிய அரசுக்கு அவருடைய அறிவு மட்டும் வேண்டியிருந்தது! திரும்பும் வழியில் அவர் இலண்டனில் தங்கினார். அகதி அறிஞர்களுக்கு உதவும் ஓர் அமைப்பு அவருக்கும் குடும்பத்தினருக்கும் இங்கிலாந்தில் குடியேற அனுமதி பெற்றுத்தந்தது. 1939 மார்ச் மாதத்தில் மனைவி எல்ஸ், மகன் டென்னிஸ், மகள் ஈவா ஆகியோருடன் அவர் இங்கிலாந்தை அடைந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் நரம்புக் காயங்கள் பற்றிய ஆராய்ச்சிப் பணி கிடைத்தது. பாதுகாப்பான வாழ்க்கைதான், ஆயினும் நோயாளிகளின் கட்டிலருகே பழகிய ஒருவருக்கு ஆய்வுக்கூடம் போதவில்லை.

ஸ்டோக் மாண்டவில்

இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகள் ஐரோப்பாவின் மேற்குக் கரையில் படையிறக்கத் திட்டமிட்டபோது, முதுகெலும்பில் காயமுற்ற வீரர்கள் பெருமளவில் வருவர் என்று பிரித்தானிய அரசு கணித்தது. அவர்களுக்கெனத் தனிமையம் ஒன்றை அமைத்து நடத்துமாறு 1943இல் குட்மனை அழைத்தது. வேறு பலர் விரும்பாத பணி அது. இறப்பை எதிர்நோக்கிக் கிடப்பவர்களோடு ஏன் காலத்தை வீணாக்க வேண்டும் என்று சக மருத்துவர்கள் வியந்தனர். தம் முறைகளில் எவரும் தலையிடக்கூடாது என்ற நிபந்தனையோடு குட்மன் ஒப்புக்கொண்டார்.

பக்கிங்ஹாம்ஷயர் பகுதியில் எய்ல்ஸ்பரி நகரை ஒட்டிய ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944 பிப்ரவரி 1ஆம் நாள் மையம் தொடங்கப்பட்டது. அன்று இருந்தவர் ஒரே ஒரு நோயாளி. ஆறு மாதங்களில் எண்ணிக்கை ஐம்பதை நெருங்கியது.

குட்மனின் மருத்துவத்தில் மாயம் ஏதும் இல்லை. மாவுக்கட்டுகள் அகற்றப்பட்டன. இரண்டு மணிநேரத்திற்கு ஒருமுறை, இரவும் பகலும், ஒவ்வொரு நோயாளியும் புரட்டிப் படுக்கவைக்கப்பட்டார். சிறுநீர் வெளியேற்றுவதில் அறுவைக் கூடத்திற்குரிய தூய்மை கடைப்பிடிக்கப்பட்டது. வலியை மறக்கத் தரப்பட்டு, நோயாளியை மயக்கத்திலேயே வைத்திருந்த போதை மருந்துகள் குறைக்கப்பட்டன. எழுத்தில் எளிதாகத் தோன்றும் இவற்றைச் செயலில் நடத்துவது எத்தனை கடினம் என்பதைச் செவிலியரே அறிவர். நள்ளிரவில் முன்னறிவிப்பின்றி வந்து, புரட்டும் முறை தவறாமல் நடக்கிறதா என்று குட்மன் பார்ப்பார். தவறு கண்டால் சினம் பொங்கும். அவரை மென்மையே உருவான மகான் என்று எண்ணுதல் தவறு. பிடிவாதமும் அதட்டலும் உடையவர். தாம் சொன்னது நடந்தே தீரவேண்டும் என்பவர். நோயாளிகள் சிலர் அவரை வெறுத்ததும் உண்டு. ஆனாலும் அவர்களே அவரை அப்பா என்னும் பொருள்பட 'பாப்பா' என்று அழைத்தனர்.

உயிரைக் காத்தாயிற்று, அடுத்து என்ன? கால்களை இழந்த இருபது வயது இளைஞன், இனி நாற்பது ஆண்டுகள் வாழப்போகிறான் என்றால், அந்த நாற்பது ஆண்டுகளை எதைக்கொண்டு நிரப்புவது? மற்றவர் இரங்கிப் பார்க்கும் பார்வையைக் கொண்டா? மையத்திலேயே தச்சுவேலை, கடிகாரம் பழுதுபார்த்தல், தட்டச்சு ஆகியவை கற்பிக்கப்பட்டன. வேலைக்குச் சென்று வரி செலுத்தும் குடிமக்களாக அவர்கள் வெளியேற வேண்டும் என்பதே குட்மனின் அளவுகோல்.

விளையாட்டு மருந்தான கதை

மருத்துவமனை முற்றத்தில் நோயாளிகள் சிலர் சக்கர நாற்காலிகளில் அமர்ந்து, கைத்தடிகளால் ஒரு வட்டை அடித்து விளையாடிக்கொண்டிருந்தனர். அதைக் கண்ட குட்மன் தாமும் ஒரு சக்கர நாற்காலியில் ஏறி அமர்ந்து ஆடிப்பார்த்தார். சக்கர நாற்காலிப் போலோ அவ்வாறு உருவாயிற்று. மோதலும் காயமும் மிகுதியாக இருந்ததால் அது விரைவில் கைவிடப்பட்டது. வலைப்பந்தும் பின்னர்க் கூடைப்பந்தும் அதன் இடத்தைப் பெற்றன. அம்பெய்தலும் தொடங்கப்பட்டது.

இவற்றை அவர் வெறும் பொழுதுபோக்காகக் கருதவில்லை. முதுகின் அகன்ற தசைகளுள் ஒன்று தோளில் தொடங்கி இடுப்பெலும்புவரை படர்ந்துள்ளது. அதன் நரம்பு கழுத்துப் பகுதியிலிருந்து வருகிறது. ஆகவே மார்புக்குக் கீழ் தண்டுவடம் அறுபட்டவருக்கும் அத்தசை இயங்கும். உணர்வுள்ள மேலுடலுக்கும் உணர்வற்ற கீழுடலுக்கும் நடுவே அது ஒரு பாலம். அதை வலுவாக்கினால், இடுப்பை உணரமுடியாதவரும் சாயாமல் நேராக அமரக் கற்றுக்கொள்வார் என்பது குட்மனின் ஆய்வு முடிவு. வில்லின் நாணை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அத்தசை உழைக்கிறது.

1948 ஜூலை 29ஆம் நாள், இலண்டனில் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கின. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையின் புல்வெளியில் ஓர் அம்பெய்தல் போட்டி நடந்தது. ரிச்மண்டில் இருந்த ஸ்டார் அண்ட் கார்ட்டர் இல்லத்தின் அணியும் மருத்துவமனையின் அணியும் மோதின. பங்கேற்றவர்கள் 16 பேர். அவர்களுள் இருவர் பெண்கள். அனைவரும் படைப்பணியில் இருந்தவர்கள். இலண்டன் அரங்கில் திரண்ட கூட்டத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு சிற்றூர்த் திருவிழாகூட அன்று. ஆயினும் அடுத்த ஆண்டிலேயே, இப்போட்டிகள் ஒருநாள் ஒலிம்பிக்குக்கு நிகராகும் என்று குட்மன் வெளிப்படையாக அறிவித்தார். கேட்டவர்கள் சிரித்தனர். 1952இல் நெதர்லாந்தின் முன்னாள் வீரர்கள் கடல் கடந்து வந்து கலந்துகொண்டபோது அது பன்னாட்டுப் போட்டியாயிற்று.

வாளும் நாற்காலியும்

1950களின் நடுப்பகுதியில் ஸ்டோக் மாண்டவில் விளையாட்டுகளில் வாள்வீச்சும் இடம்பெற்றது. அம்பெய்தலில் எதிரே இருப்பது இலக்குப் பலகை. வாள்வீச்சில் எதிரே இருப்பது இன்னொரு மனிதர். வில்லாளர் தமக்கு வேண்டிய நேரத்தில் மூச்சை அடக்கி நாணை விடலாம். வாள்வீரருக்கு அந்த ஓய்வு கிடையாது. கண், கை, சமநிலை ஆகிய மூன்றும் ஒரே நொடியில் இணைந்தாக வேண்டும்.

நின்று ஆடும் வாள்வீச்சில் 14 மீட்டர் நீளமுள்ள களம் உண்டு. தாக்குதல் வரும்போது பின்னால் அடியெடுத்து வைத்துத் தப்பலாம். சக்கர நாற்காலி வாள்வீச்சில் அந்த வாய்ப்பே இல்லை. இன்றைய முறைப்படி, இரு நாற்காலிகளும் ஓர் உலோகச் சட்டத்தில் நடுத்தண்டுக்கு 110 பாகைக் கோணத்தில் சாய்வாகப் பூட்டப்படுகின்றன. இருவருக்கும் இடையிலான தொலைவு கையின் நீளத்தைக் கொண்டு அளக்கப்படுகிறது. ஒருவர் கை நீளமாகவும் மற்றவர் கை குட்டையாகவும் இருந்தால், எவருடைய அளவைக் கொள்வது என்று குட்டைக் கையுடையவரே முடிவுசெய்வார். நேர்மையான இந்த ஏற்பாடு எண்ணிப் போற்றத்தக்கது.

போட்டி தொடங்கியபின் இருக்கையிலிருந்து உடலை உயர்த்தக்கூடாது. பாதங்கள் தாங்கியில் இருக்கவேண்டும். வாளில்லாத கை நாற்காலியைப் பற்றிக்கொள்ள, மேலுடல் மட்டுமே முன்னும் பின்னும் பாய்கிறது. பின்வாங்குதல் என்பது இங்கே முதுகைப் பின்னால் வளைப்பது. தாக்குதல் என்பது விழுந்துவிடும் அளவுக்கு முன்னே சாய்ந்து, விழாமல் மீள்வது. ஃபாயில் என்னும் மெல்லிய வாளில் மார்பும் வயிறும் முதுகுமாகிய நடுவுடலைத் தொட்டால் மட்டுமே புள்ளி உண்டு. எப்பே, சேபர் ஆகிய வாள்களில் இடுப்புக்கு மேற்பட்ட பகுதி முழுவதும் இலக்காகும். தொடக்கச் சுற்றுகளில் ஐந்து தொடுகைகளும், வென்றவர் மட்டும் மேலேறும் சுற்றுகளில் பதினைந்து தொடுகைகளும் வெற்றியைத் தரும். வாள்முனை பட்டதை மின்கருவி அறிவிக்கிறது. ஏனெனில் நெருங்கி அமர்ந்த இருவரின் வேகத்தை வெறுங்கண்ணால் தொடர்வது கடினம்.

மேலுடலை நன்கு கட்டுப்படுத்த வல்லவர்கள் ஒரு பிரிவிலும், அக்கட்டுப்பாடு குறைந்தவர்கள் மற்றொரு பிரிவிலும் போட்டியிடுகின்றனர். குட்மன் தேடிய சமநிலைதான் இங்கே பிரிவுகளை வகுக்கும் அளவாக இன்றும் இருக்கிறது.

உரோம் முதல் ஹைடல்பெர்க் வரை

1960 செப்டம்பரில், உரோம் ஒலிம்பிக் முடிந்த ஒரு வாரத்தில், அதே நகரில் ஸ்டோக் மாண்டவில் பன்னாட்டுப் போட்டிகள் நடந்தன. 23 நாடுகளிலிருந்து 400 பேர் வந்தனர். முதல் பாராலிம்பிக் என்று இன்று எண்ணப்படுவது இதுவே. அம்பெய்தல், கூடைப்பந்து, நீச்சல் ஆகியவற்றோடு வாள்வீச்சும் அங்கே இருந்தது. ஆண்கள் சேபரும் பெண்கள் ஃபாயிலும் வீசினர். வீரர்கள் தங்கிய கட்டடங்கள் தூண்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்டவை, எங்கும் படிக்கட்டுகள். சக்கர நாற்காலியோடு வீரர்களைத் தூக்கிச் சென்று இறக்க இத்தாலியப் படைவீரர்கள் நிறுத்தப்பட்டனர். களத்தில் நிமிர்ந்து நின்ற வீரம் விடுதி வாயிலில் பிறர் தோளை நாடவேண்டியிருந்தது. உலகம் அவர்களுக்காகக் கட்டப்படவில்லை என்பதை இதைவிட வெளிப்படையாகக் காட்ட இயலாது. போப் இருபத்துமூன்றாம் ஜான் அவர்களை வரவேற்று, நவீன ஒலிம்பிக்கைத் தோற்றுவித்த கூபெர்டினோடு குட்மனை ஒப்பிட்டார்.

ஸ்டோக் மாண்டவிலில் பயிற்சி பெற்ற ஜப்பானிய மருத்துவர் யுடாகா நகமுரா, தம் நாட்டிலும் இவ்விழாவை நடத்த உழைத்தார். 1964இல் டோக்கியோ அதற்குக் களமாயிற்று. 1968இல் டெல் அவிவ் நகரில் இந்தியாவும் முதன்முறையாகப் பங்கேற்றது. 1972இல் விழா ஹைடல்பெர்க் நகருக்குச் சென்றது. ஹைடல்பெர்க், ஜெர்மனியில் உள்ளது. முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் குட்மனைத் துரத்திய நாடு, இப்போது அவரது விழாவை ஏற்று நடத்தியது. போரில் குண்டடிபட்ட இந்தியப் படைவீரர் முரளிகாந்த் பெட்கர், 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்று, பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கத்தைப் பெற்றதும் அங்கேதான்.

நெடுங்காலம் இப்போட்டிகள் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே உரியனவாக இருந்தன. கை, கால் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் வெளியே நின்றனர். ஒரு மருத்துவமனையில் பிறந்த விழா, அதன் சுவர்களைக் கடக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. 1976இல் டொராண்டோவில்தான் அவர்களுக்கும் வழி திறந்தது. தொடக்கத்தில் கீழுடல் செயலிழந்தோரையும் ஒலிம்பிக்கையும் இணைத்துச் சொல்லப்பட்ட பாராலிம்பிக் என்னும் பெயர், பிற்காலத்தில் ஒலிம்பிக்குக்கு இணையானது என்ற பொருளைப் பெற்றது.

இறுதி ஆண்டுகள்

குட்மன் 1945இல் பிரித்தானியக் குடிமகனானார். 1966இல் அந்நாட்டு அரசியார் அவருக்குச் சர் பட்டம் வழங்கினார். தண்டுவடக் காயம் பற்றி ஆராயும் மருத்துவர்களுக்குப் பன்னாட்டுக் கழகம் ஒன்றை 1961இல் நிறுவி, அதன் முதல் தலைவராகப் பணியாற்றினார். ஓய்வு பெற்ற பின்னும் ஓயவில்லை. மருத்துவமனையை ஒட்டி ஒரு நிலையான விளையாட்டரங்கம் வேண்டும் என்று நிதி திரட்டினார். 1969இல் அது திறக்கப்பட்டது. 1976இல் இராயல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அவ்வாண்டே மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டைப் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. எந்தக் காயத்திற்கு எந்த விளையாட்டு, எந்தத் தசைக்கு எந்தப் பயிற்சி என்று அதில் அவர் வகுத்துரைத்தார்.

1980 மார்ச் 18ஆம் நாள், தம் எண்பதாம் வயதில், லுட்விக் குட்மன் இயற்கை எய்தினார். அவ்வாண்டு ஒலிம்பிக்கை நடத்திய சோவியத் நாடு பாராலிம்பிக்கை ஏற்க முன்வராததால், நெதர்லாந்தின் ஆர்னெம் நகரம் அதை ஏற்றது. ஜூன் மாதத்தில் 42 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 2000 பேர் அங்கே கூடினர். வாள்வீச்சு அரங்கில் நாற்காலிகள் எதிரெதிரே நிறுத்தப்பட்டன, முகக்கவசங்கள் இறங்கின, நடுவர் கை உயர்த்தினார்.